இத்தா வீட்டு வாசலில் ஒரு கூட்டம்

திரைக்கு உள்ளே உட்கார்ந்தவளுக்கு உலகம் முழுக்கக் குரல்தான். வாசலில் யார் வந்தாலும் ஸுலைஹாவுக்கு முதலில் வருவது செருப்புச் சத்தம், அடுத்தது தொண்டைச் செருமல், அதற்குப் பிறகுதான் ஆள். கணவன் கலந்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளத்தங்கரையிலேயே சாய்ந்துபோன நாளிலிருந்து அவள் இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாது. கதவுக்குக் குறுக்கே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். துவைத்துத் துவைத்து நூல் தேய்ந்த விரிப்பு. வெளியே வெயில் அடிக்கும்போது உள்ளே இருப்பவருக்கு வாசல் மங்கலாகத் தெரியும். வாசலில் நிற்பவருக்கோ உள்ளே ஒன்றும் தெரியாது.

அன்று வந்த செருப்பு புதுச் செருப்பு. தார் ரோட்டில் நடந்து பழகிய கால், ஒழுங்கை மண்ணில் தயங்கித் தயங்கி வந்தது.

"வீட்டில ஆர் இருக்கினம்?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. திரைக்கு வெளியே கருவாடு புரட்டிக்கொண்டிருந்த றஹீமா எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள். றஹீமா கலந்தரின் தங்கை. அண்ணன் மனைவி ஸுலைஹா அவளுக்கு மச்சி. அடுத்த வளவில் குடியிருந்தாலும் பகலெல்லாம் இங்கேதான்.

"நீங்க யாரு?"

"நான் மாத்தளையில இருந்து வாறன். வங்கிக் கந்தோர். ஞானசுந்தரம் எண்டு பேர். ஸுலைஹா உம்மா எண்டொரு ஆள் மீன் வலைக்குக் கடன் கேட்டு எழுதியிருக்கிறா. கரையில தோணியைப் பார்த்திட்டுத்தான் வாறன்."

"அது என்ட மச்சிதான். உள்ளுக்கு ஈக்கிறாங்க. நானா மவுத்தாப் போயிட்டாரு. மச்சி இத்தாவுல."

காகம் ஒன்று கருவாட்டுப் பாய்க்கு மேலே வட்டமடித்துக் கத்தியது. அதைத் துரத்தக்கூட றஹீமாவுக்குத் தோன்றவில்லை.

"எப்ப மோசம் போனவர்?"

"இன்னும் நாப்பது கூட ஆகல்ல."

"எனக்கு உது தெரியாது, தங்கச்சி. தெரியாமல் வந்திட்டன்."

"தேத்தண்ணி ஊத்துறேன், உக்காருங்க."

"வேண்டாம்."

அவ்வளவுதான். புதுச் செருப்பு திரும்பியது. வேலிக்கடப்பு கிரீச்சிட்டது. கடன் உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல் இல்லை. வருகிறேன், போகிறேன் என்ற ஒரு வார்த்தைகூட இல்லை.

"போறாரு மச்சி!" றஹீமா திரைக்குள் தலையை நீட்டினாள். "வாயில மீன் முள்ளு குத்துனவர் மாதிரி ஒண்ணும் பேசாமப் போறாரு! திரும்பிக்கூடப் பார்க்கல்ல!"

ஸுலைஹா மடியில் கிடந்த வலைத் துண்டைப் பார்த்தாள். கலந்தர் விரித்த கடைசி வலை அது. மையித்து அடக்கத்துக்கு ஆள் கூடியதில் குளத்தில் கிடந்த வலையை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. எடுக்கும்போது மரக்கட்டை சிக்கிச் சுக்குநூறாகியிருந்தது. மற்ற வலைகள் மீன் முதலாளி மக்கீனுடையவை. அவர் ஆளனுப்பி எடுத்துக்கொண்டுவிட்டார். மீதி இருப்பது தோணி ஒன்று. அதுவும் மீனவர் சங்கத்தின் மூலம் அரசாங்கம் கலந்தருக்குக் கொடுத்தது. சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறவர் பேரில்தான் தோணி இருக்கும், உறுப்பினருக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். செத்தவர் தோணியை யாருக்கு மாற்றுவது என்று வருகிற ஞாயிறு சங்கக் கூட்டத்தில் முடிவு. அந்தச் சங்கத்தில் இதுவரை ஒரு பெண்கூட இல்லை.

"சொல்லாமப் போறதும் ஒரு பதில்தான், றஹீமா," என்றாள் ஸுலைஹா. "முகத்துக்கு நேரே இல்லைன்னு சொல்ல அவருக்கு மனசு வரல்ல."

"முகத்தை எங்க கண்டாரு அவரு?"

அந்த நேரத்திலும் ஸுலைஹாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாலை அஸர் தொழுகை முடிந்த கையோடு மக்கீன் வந்தார். அவருடைய செருமலுக்கு ஒரு கனம் உண்டு. கலந்தருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், முன்பு தோணி ஓட்டியதால் இன்னும் சங்க உறுப்பினர், நாவுலைச் சந்தையில் மீன் கடை. குளத்தில் தோணி வைத்திருக்கும் பாதிப் பேருக்கு அவர்தான் வலை கொடுப்பார். பதிலுக்கு மீன் முழுவதும் அவர் தராசுக்கு, அவர் சொல்லும் விலைக்குப் போக வேண்டும். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கலந்தரைப் போர்த்தி அடக்கிய கபன் துணி அவர் வாங்கிக் கொடுத்தது.

"ஸுலைஹா, சொகமா ஈக்கிறியா?"

"அல்லாஹ்ட கிருபை, மச்சான்."

"ஒரு வங்கிக்காரன் வந்துட்டுப் போனானாம். கண்டேன், நாவுல பஸ் ஹோல்ட்ல நிண்டான். மூஞ்சி ஒரு மாதிரி ஈந்திச்சு." பிளாஸ்டிக் கதிரை முனகியது. உட்கார்ந்துவிட்டார். "அவங்க பொம்பிளைக்குக் குடுக்க மாட்டாங்க. குடுத்தாலும் வட்டி. ஹறாமான காசை ஊட்டுக்குள்ள எடுக்கப் போறியா?"

அந்தக் கேள்வி ஸுலைஹாவிடம் ஏற்கெனவே இருந்தது. விடியற்காலைத் தொழுகைக்குப் பிறகு தொழுத பாயிலேயே உட்கார்ந்து அதைத்தான் புரட்டிக்கொண்டிருப்பாள். விடை கிடைக்கவில்லை.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றார் மக்கீன். "தோணி என்ட பேருக்கு மாறட்டும். உன்ட பேரு எப்படியும் சங்கத்துல வராது. வலை நான் போடுறேன். றஹீமாட மாப்பிள ஸக்கரியா ஓட்டட்டும். உனக்கு ஒரு பங்கு மாசா மாசம் ஊடு தேடி வரும். நீ கருவாடு போட்டுக் கையப் புண்ணாக்கிக்க வேணாம்."

"கருவாடு போட வேணாமா?"

"மீன் எல்லாம் பச்சையா என்ட கடைக்கு வரும். காய வைக்க என்னத்த?"

அதுதான் விஷயம். பச்சை மீனுக்கு அன்றைக்கு அவர் சொன்னது விலை. காய்ந்த மீனுக்கு அப்படி இல்லை. நல்ல விலை வரும் வரை கூரைக்குக் கீழே காத்திருக்கும். கலந்தர் உயிரோடிருந்தபோதே மக்கீனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கூடை ஜப்பான் மீன் எனும் திலாப்பியாவைப் பிளந்து உப்பிட்டு, றஹீமாவும் அவளும் இரத்தோட்டை பஸ்ஸின் கடைசிச் சீட்டில் உட்கார்ந்து கொண்டுபோய், தேயிலைத் தோட்டத்துச் சம்பள நாளில் விற்று வருவார்கள். நாற்றத்துக்குக் கண்டக்டர் திட்டுவான். இறங்கும்போது அவனுக்கும் ரெண்டு கருவாடு.

"மச்சான்," என்றாள் ஸுலைஹா மெதுவாக. "வங்கிக்காரன் கூட்டி எடுக்கிறதுக்குப் பேரு வட்டி. நீங்க மீனுக்குக் குறைச்சுத் தாறீங்களே, அதுக்கு என்ன பேரு?"

கதிரை மறுபடி முனகியது.

"அது யாவாரம்."

"கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தெரியாமத்தான் கேட்டேன்."

"தெரியாமக் கேட்கிற ஆளா நீ!" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஞாயித்துக் கிழமைக்கு முன்னுக்கு ஒரு சொல்லு சொல்லு. நான் என்ன, உன்னைத் தெருவுல விடவா போறேன்?"

அவர் போன பிறகு றஹீமா கேட்டாள்: "என்ன சொல்லப் போறீங்க?"

"வங்கிக்காரர் இல்லைன்னுட்டா, இவர் சொல்றதுதான் வழி. வேற என்ன?"

"அவர் இல்லைன்னு சொல்லல்லையே!"

"ஆமான்னும் சொல்லல்ல." ஸுலைஹா வலைத் துண்டைக் கீழே வைத்தாள். "நீ நாளைக்கு மாத்தளைக்குப் போ. போய் அவரு முன்னுக்கு நில்லு. முடியாதுன்னா முடியாதுன்னு வாயால சொல்லச் சொல்லு. சத்தமில்லாமப் போன மனுசன நம்பி நான் தோணியக் குடுக்க மாட்டேன்."

மறுநாள் றஹீமா திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலிலேயே பேசத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாது, நடித்துக் காட்டத்தான் தெரியும்.

"கந்தோருல போய் நிண்டேன். என்னையக் கண்டதும் எந்திரிச்சிட்டாரு மச்சி! 'என்ன தங்கச்சி, ஏதும் பிழையே?' எண்டாரு. நான் சொன்னேன், 'பிழை உங்கடதான். வந்தீங்க, தேத்தண்ணியும் குடிக்கல்ல, ஒரு பேச்சும் இல்ல, போறேன்னுகூடச் சொல்லாமப் போயிட்டீங்க. எங்க மச்சி கடன் இல்லைன்னு முடிவெடுத்துட்டாங்க'ன்னு."

"அப்படியேவா சொன்ன?"

"பின்ன? அந்த மனுசன் தலையில கைய வச்சுட்டாரு. 'ஐயோ தங்கச்சி, செத்த வீட்டில நாங்கள் போயிட்டு வாறன் எண்டு சொல்றேல்லை. திரும்பவும் உப்பிடி ஒண்டுக்கு வாறம் எண்டு ஆயிடும். சொல்லாமல்தான் வெளிக்கிடுவம். காசுக் கதையும் எடுக்கப் படாது. முப்பத்தொண்டாம் நாள் காரியம் கழிய ஆறுதலா வருவம் எண்டு நினைச்சன்' எண்டாரு."

ஸுலைஹாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"அப்ப மரியாதைக்கா?"

"மரியாதைக்குத்தான்! நான் சொன்னேன், 'உங்கட மரியாதை முடியுற நேரம் எங்க தோணி மக்கீன் முதலாளிட பேர்ல ஈக்கும்'னு. பொறகுதான் அவருக்கு ஞாயித்துக் கிழமைக் கணக்கு வெளங்கிச்சு."

"கடன் உண்டாமா?"

"சங்கத்துல உங்கட பேரு வரணும். அது ஒண்ணு. மத்தது, நீங்களே கேக்கணுமாம். 'அவவுக்காக வேற ஆரும் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவ தன்ட வாயால சொல்ல வேணும், நான் என்ட காதால கேக்க வேணும்' எண்டாரு. ஞாயித்துக் கிழமை வாறாராம்." றஹீமா குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மேசைப் பொம்பிள சொன்னா, எண்பத்திமூணு கலவரத்துல அவரு ஊட்டையும் மாத்தளையில எரிச்சிட்டாங்களாம். பொஞ்சாதி புள்ளைங்க யாழ்ப்பாணத்துல. இவரு மூணு வருசமா ஒரு அறையில ஈக்கிறாராம்."

ஸுலைஹாவுக்கு அந்த ஆடி மாதம் ஞாபகம் வந்தது. கருவாட்டுக் கூடையோடு மாத்தளைக்குப் போனபோது கரிந்த சுவர்களைத் தாண்டித்தான் சந்தைக்கு நடந்தாள். எத்தனையோ வருஷமாகக் கருவாடு வாங்கிக்கொண்டிருந்த வீடுகள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. பாதி வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று இன்றைக்கும் தெரியாது.

"மச்சி, ஞாயித்துக் கிழமை கூட்டம் சங்கத்துக் கட்டடத்துல. நீங்க எப்படிப் போவீங்க?"

"நான் போக ஏலாது," என்றாள் ஸுலைஹா. "கூட்டம் வரட்டும்."

சங்கத் தலைவர் ரன்பண்டா மறுநாளே வந்து வாசலில் நின்றார். அவர் சிங்களத்தில் நங்கி என்று தங்கையாக அழைத்துப் பேச, இவளும் அய்யே என்று அண்ணனாக்கிச் சிங்களத்திலேயே பதில் சொன்னாள்.

"நங்கி, சங்கம் தொடங்கி இத்தனை வருஷத்தில் கூட்டம் ஒருத்தர் வீட்டுக்குப் போனதில்லை."

"ரன்பண்டா அய்யே, சங்கம் தொடங்கின பிறகு ஒரு மெம்பர் மவுத்தானதும் இதுதான் முதல் தடவை."

"உங்கள் பள்ளிவாசலில் ஏதும் சொல்ல மாட்டார்களா?"

"பள்ளி லெப்பையிடம் கேட்டனுப்பினேன். தேவைக்குப் பேசலாம், திரைக்கு இந்தப் பக்கம் இருந்து என்றார். பந்தல் போட வேண்டாம். பலாமரத்து நிழல் போதும்."

அவர் தலையைச் சொறியும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. "சோமாவதியும் இதையேதான் சொன்னாள்," என்றார் கடைசியில். சோமாவதி அவர் மனைவி. "அவள் சொன்ன பிறகு நான் இல்லை என்றால் எனக்குச் சோறு இல்லை."

ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் வருவதற்கு முன்பே பெண்கள் வந்துவிட்டார்கள். இத்தா வீட்டுக்குப் பெண்கள் வரத் தடை இல்லை. சோமாவதி மடி நிறைய முருங்கைக்காயோடு வந்தாள். ஹவ்வா உம்மா கைப்பிள்ளையோடு. இன்னும் சிங்களப் பெண்கள் மூன்று நாலு பேர், எல்லாரும் தோணிக்காரர்களின் மனைவிகள்தான். சின்ன அறைக்குள் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லார் விரல்களிலும் ஒரே மாதிரி செதில் கீறல். ஆண்கள் பலாமரத்தடியில் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அமர்ந்தார்கள். மக்கீனுக்கு மட்டும் பிளாஸ்டிக் கதிரை. புதுச் செருப்பு கடைசியாக வந்தது.

ரன்பண்டா எழுந்து, கலந்தரை நினைத்து எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் இருப்போம் என்றார். இருந்தார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஆரம்பத்திலிருந்து வழக்கம், தோணியில் ஏறி வலை போடுகிறவன்தான் சங்கத்தில். இப்போது இந்த வீட்டுப் பெண் கேட்கிறார். என்ன சொல்கிறீர்கள்?"

எல்லாப் பார்வையும் பிளாஸ்டிக் கதிரைக்குப் போனது. உள்ளேயிருந்து ஸுலைஹாவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

மக்கீன் செருமினார். "நான் ஸுலைஹாக்கு எதிரா ஒண்ணும் சொல்ல வரல்ல. நாளைக்குக் கடனைக் கட்டாட்டி வங்கிக்காரன் யாரைப் பிடிப்பான்? சங்கத்தைத்தான் பிடிப்பான். பொம்பிள எடுத்த கடனுக்கு யாரு பொறுப்பு?"

"மச்சான்," என்றது திரை. அத்தனை ஆண்களும் நிமிர்ந்தார்கள். "அவரு சொந்தமா உங்கட்ட வாங்கின வலைக்குக் காசு உங்கட கையில வச்சது யாரு? அவரா, நானா?"

மக்கீன் மடியில் கிடந்த சால்வையை மடிக்கத் தொடங்கினார்.

"அவரு தோணியில ஏறினாரு. நான் ஏறல்ல. அது சரி. மழைக்கு அணைக்கட்டு திறந்து, தோணி இறங்காத நாளெல்லாம் இந்த ஊட்டுல உலை வச்சது எந்த மீனால? காய வச்ச மீனால. நான் மட்டுமா? ரன்பண்டா அய்யே, உங்கட ஊட்டுல எப்படி?"

ரன்பண்டா வாயைத் திறக்கும் முன்பே திரைக்குள்ளிருந்து சோமாவதி சிங்களத்தில் சொன்னாள்: "அவர் தூங்குவார்!"

பெட்டிகளின் மேல் சிரிப்பு கிளம்பியது. "அட, உன் ஆளும் உள்ளேதானா?" என்று ஒருவன் கத்தினான். "உன்னுடையவளும்தான்!" என்று அவன் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவன் வெற்றிலையை விழுங்கிவிட்டான்.

வங்கிக்காரர் எழுந்தார். திரைக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி, தலையைக் குனிந்தபடி நின்றார்.

"உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும், அம்மா. கடன் கேக்கிறது நீங்கள்தானோ?"

"நான்தான்."

"தோணி ஓட்டுறது?"

"ஸக்கரியா. பங்குக்கு."

"மீனை விக்கிறது?"

"நாங்க. இப்ப றஹீமா. இத்தா முடிய நானும்."

"வலை கிழிஞ்சால்?"

"தைக்கிறதும் நான்தான்."

"கட்டுறது?"

"நான்தான்," என்றாள் ஸுலைஹா. விடியற்காலைக் கேள்வி இன்னும் மீதி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "வட்டி குடுக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பின விஷயமில்ல. அதை நான் அல்லாஹ்வோட பேசிக்கிறேன். உங்கட காசு உங்களுக்கு வரும்."

ஞானசுந்தரம் எதையும் எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார்.

"சரி," என்றார் ரன்பண்டா. "சம்மதமானவர்கள் கை தூக்குங்கள்."

ஒரு கையும் எழவில்லை. ஸக்கரியா முன்வரிசையில் இருந்தான். அவனுடைய வலையும் மக்கீனுடையதுதான். பெட்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்திருந்தான். கதிரையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கதிரையில் ஒருவர் இருப்பது தெரிகிறது. திரைக்குப் பின்னால் எத்தனை கண் என்பது யாருக்குத் தெரியும்?

அவனுடைய வலது கை தொடையிலிருந்து கழன்று மெதுவாக மேலே போனது. காது வரை போனது. காதைச் சொறிந்துவிட்டு இறங்கப் பார்த்தது.

"என்ன," என்றாள் றஹீமா உள்ளேயிருந்து, "காது கடிக்குதா?"

பலாமரத்தடியே அதிர்ந்துவிட்டது. சிரிப்பின் நடுவே ஸக்கரியாவின் கை நேரே வானத்துக்குப் போய் நின்றது. அடுத்தது வெற்றிலை விழுங்கியவன். பிறகு ரன்பண்டா, தலைவர் கை தூக்கலாமா என்று யோசித்தபடியே தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக. உள்ளே பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள். ஸுலைஹாவின் கையைச் சோமாவதி பிடித்திருந்தாள், நெரிபடும் அளவுக்கு.

மக்கீன் கை தூக்கவில்லை. எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"நான் தூக்கல்ல. எல்லாரும் கண்டிருப்பீங்க," என்றார். "ஆனா நான் மறிச்சேன்னும் யாரும் பேச வேணாம். ஸுலைஹா, வலை வாங்க ஆளனுப்பற நேரம் எனக்கும் சொல்லியனுப்பு. கடைக்காரன் பழைய நூலைத் தலையில கட்டிடுவான்."

"சொல்லியனுப்புறேன், மச்சான்."

"பச்சை மீன்?"

"பாதி உங்களுக்குத்தான். விலை பேசித்தான்."

"பேசித்தான், பேசித்தான்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். சிரித்தாரா கோபித்தாரா என்று குரலை வைத்து அவளால் சொல்ல முடியவில்லை. குரலை வைத்துச் சொல்ல முடியாத முதல் ஆள்.

"எங்கள் பேரெல்லாம் எப்போது?" என்று சோமாவதி திரைக்குள்ளிருந்து கேட்டாள்.

"வீட்டுக்கு வா, பேசுவோம்," என்றார் ரன்பண்டா.

"வீட்டில் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். இங்கேயே சொல்லுங்கள்."

அடுத்த கூட்டத்தில் என்று அவர் சொல்ல வேண்டியதாயிற்று.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஞானசுந்தரம் பையைத் தோளில் மாட்டினார். இருட்டுவதற்குள் மாத்தளை போய்ச் சேர வேண்டும். வழியில் இரண்டு மூன்று இடத்தில் பொலிஸும் ஆமியும் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார்கள், தமிழ்ப் பேர் என்றால் இறங்கி நிற்க வேண்டும். திரைக்கு முன்னால் வந்தார்.

"அம்மா, முடிவு என்ட கையில மட்டும் இல்லை. கந்தோர்ப் பெரியவர் கையெழுத்து வைக்க வேணும். கேட்ட காசு முழுக்க முதலிலயே வராது, பாதி வரும். ஆனால் நான் கேட்டதை அப்பிடியே எழுதுவன்."

"பாதி வலைக்குப் பாதி மீன் வரும்," என்றாள் ஸுலைஹா. "இப்போதைக்குக் காணும்."

அவர் இன்னும் நின்றார். செருப்பு ஓர் அடி வைத்தது, நின்றது. றஹீமா திரையோரம் ஒட்டி நின்று ஸுலைஹாவைப் பார்த்தாள். செருப்பு மெதுவாக நடந்து வேலிக்கடப்பு வரை போனது. கடப்பு கிரீச்சிட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒரு செருமல் கேட்டது. அவர் செருமி அவள் கேட்டதே இல்லை.

"நான்," என்று அங்கேயிருந்து, ஊருக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னார் அந்த மனிதர், "போயிட்டு வாறன்."

றஹீமாவின் கண் கலங்கிவிட்டது. "மச்சி, சொல்லிட்டுப் போறாரு!"

"கேட்டுச்சு," என்றாள் ஸுலைஹா. பிறகு, தேவைக்குப் பேசலாம் என்று லெப்பை சொன்ன அளவுக்கு, திரைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"வாங்க."